ஆசிரியர் தினத்துக்கு வகுப்பு டீச்சருக்கு என்ன கொடுக்கலாம்? (தரம் 3, 34 பிள்ளைகள்)

லிந்துலை_அம்மா

ஒக்டோபர் 6 ஆசிரியர் தினம் வருது. தோட்டப் பாடசாலை, தரம் 3, வகுப்பில் 34 பிள்ளைகள். டீச்சர் ஹட்டனில் இருந்து இரண்டு பஸ் மாறி வர்றவங்க. வட்ஸ்அப் குழுவில் ஒரு பக்கம் "ஆளுக்கு 500 போட்டு சேலை எடுப்போம்", இன்னொரு பக்கம் "ஒரு கப் வாங்கினா போதும்". பெற்றோரில் பாதிக்கு மேல் மலையில் வேலை செய்றவங்க. எவ்வளவு சேர்க்கலாம், என்ன வாங்கலாம், எதைத் தொடவே கூடாது? விபரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கணக்கப்பிள்ளை

தொகை அப்புறம், முதலில் திகதியைப் பாருங்க அக்கா. தோட்டச் சம்பளம் 10 ஆந் திகதி. ஒக்டோபர் 6 என்பது அதுக்கு நாலு நாள் முந்தி, அதாவது வீட்டில் காசு வற்றிக் கிடக்கிற வாரம். செப்டெம்பர் கடைசியில் வசூலைத் தொடங்கினா, பாதிப் பேர் கைமாத்து வாங்கித்தான் தருவாங்க. செப்டெம்பர் 10 சம்பளம் கையில் இருக்கும்போதே, 15 ஆந் திகதிக்குள் முடிச்சிடுங்க. ஒக்டோபர் 1 சிறுவர் தினம் வேற இருக்கு, அதுக்கும் காசு கேட்பாங்க. நவராத்திரியும் கிட்டத்தட்ட அதே காலம், சரஸ்வதி பூசைக்கு அவல், கடலை, பூ என்று ஒரு பட்டியல் வரும். மூணுக்கும் மூணு தடவை கேட்காதீங்க. ஒரே தடவையில் சொல்லி ஒரே தடவையில் வாங்குங்க.

இப்ப தொகை. 2024 செப்டெம்பரில் தோட்டத்தில் ஒரு நாள் பேருக்கு, அதாவது ஒரு நாள் சம்பளத்துக்கு, 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. அதுக்குப் பிறகு கொஞ்சம் கூடினாலும் 500 என்றால் ஒரு பேரில் மூணில் ஒரு பங்கு மாதிரி. வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிச்சா ஒரு பேரில் மூணில் இரண்டு பங்கு அதிலேயே போயிடும். அதனால் உச்சவரம்பு 100 ரூபா என்று வைங்க. "குறைந்தது 100" என்று எழுதாதீங்க, "100க்கு மேல் வேண்டாம்" என்று எழுதுங்க. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காசு இல்லாதவருக்குத்தான் தெரியும்.

34 பேரும் தருவாங்க என்று 3,400க்குத் திட்டம் போட்டா மாட்டிக்குவீங்க. 25 பேர் தருவாங்க என்று வச்சு 2,500க்குள் வாங்குங்க. மிச்சம் வந்தா வகுப்புக்கு கலர்ப் பென்சில்.

சேர்க்கிற முறையும் முக்கியம். யார் தந்தது, யார் தரல்ல என்ற பட்டியல் குழுவில் வரவே கூடாது. பிள்ளை கையில் காசு கொடுத்து வகுப்பில் சேர்க்கவும் கூடாது, எட்டு வயசுப் பிள்ளைகள் சத்தமா எண்ணுவாங்க. ஒருவர் பொறுப்பில் ஒரு தகர உண்டியல், இல்லாட்டி பெயர் எழுதாத உறை. முடிஞ்சதும் மொத்தத் தொகையையும் பற்றுச்சீட்டின் படத்தையும் மட்டும் குழுவில் போடுங்க. பரிசில் "தரம் 3 பிள்ளைகள்" என்று இருந்தா போதும். காசு தந்தவன் தராதவன் எல்லாரும் அந்த 34க்குள் வந்துடுவாங்க.

பிரட்டுக்களம்

100 ரூபாவா? டீக்கடையில் ஒரு ரோலும் பிளேன்டியும் எடுத்தாலே அது போயிடும். மற்ற வகுப்பெல்லாம் சேலை எடுக்குது. நம்ம டீச்சர் மட்டும் கையை வீசிக்கிட்டு வீட்டுக்குப் போகணுமா?

வெண்கட்டி

தம்பி கேட்கிறது நியாயம்தான். ஆனா "மற்ற வகுப்பு எடுக்குது" என்ற இடத்தில்தான் பரிசு ஏலமா மாறுது. தரம் 4 காரங்க 15,000க்கு எடுத்தா அடுத்த வருசம் தரம் 3 காரங்க 18,000க்கு எடுக்கணும். அதிபருக்கும் தலைவலி, ஆசிரியர் அறையிலும் மனஸ்தாபம்.

சேலையில் வேற சிக்கலும் இருக்கு. டீச்சர் பருத்தி கட்டுறவங்களா, சிந்தெட்டிக் கட்டுறவங்களா, பார்டர் எவ்வளவு அகலம், ஒசரி (கண்டிச் சிங்களக் கட்டு) கட்டுறதா நம்ம கட்டா என்று தெரியணும். ரவிக்கைத் துணி சேர்ந்து வருதா என்று பார்க்கணும். வந்தாலும் தையல் கூலி அவங்க தலையில். பிடிக்காத சேலையை ஒரு நாளாவது கட்டிக்கிட்டு வரணும், வராட்டி "கட்டவே இல்லையே" என்று கேட்பீங்க. இதுக்குப் பேர் பரிசு இல்லை, கடன்.

சட்டத்தையும் சொல்லிடுறேன். அரச பாடசாலை ஆசிரியர் அரச உத்தியோகத்தர். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அவங்களையும் பிடிக்கும். ஒரு உத்தியோகக் காரியத்துக்குத் தூண்டுதலாகவோ கைமாறாகவோ கொடுக்கிறதும் குற்றம், வாங்குறதும் குற்றம். பிள்ளைகள் கொண்டுவர்ற பூவையும் கடிதத்தையும் யாரும் இதில் இழுக்கப் போறதில்லை. ஆனா தரம் 1 அனுமதி நடக்கிற நேரம், புள்ளி போடுற வாரம், மாணவத் தலைவர் தெரிவு, இந்த நேரங்களில் தனியா ஒரு குடும்பம் விலை கூடின பொருளைக் கொண்டுபோய்க் கொடுத்தா, மனசு எவ்வளவு சுத்தமா இருந்தாலும் பார்க்கிறவன் கண்ணுக்கு வேற மாதிரித்தான் தெரியும். தங்கம், காசு உறை, சுப்பர்மார்க்கட் வவுச்சர், போன் இதெல்லாம் வேண்டவே வேண்டாம். வவுச்சர் என்பது காசுக்குச் சட்டை போட்ட மாதிரி.

வகுப்பு சேர்ந்து, எல்லாருக்கும் முன்னால, சின்னதா. வாங்குறதுக்கு முன்னால அதிபரிடம் ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

லிந்துலை_அம்மா

சரி சேர், சேலையை விட்டாச்சு. 2,500க்குள் என்ன? குழுவில் கப், குடை, சால்வை, பிளாஸ்க், தேயிலை என்று வந்திருக்கு.

ஊசிநூல்

கப் வேண்டாம் அக்கா. பத்து வருசம் படிப்பிச்ச எந்த டீச்சர் வீட்டு அலுமாரியையும் திறந்து பாருங்க, "உலகின் சிறந்த ஆசிரியர்" என்று எழுதின கப் வரிசையா நிற்கும்.

இரண்டு பஸ் மாறி வர்றவங்க என்றதால் குடை நல்ல யோசனை. ஒக்டோபர், நவம்பரில் நம்ம பக்கம் பின்னேரம் இடியோட மழை, பாடசாலை விடுற நேரத்துக்குச் சரியா வரும். வாங்கும்போது கவனிக்க வேண்டியது:

மூணு மடிப்புக் குடை பைக்குள் அடங்கும், ஆனா மூட்டு கூட இருக்கிறதால் மலைக்காற்றில் முதலில் உடையுறதும் அதுதான். இரண்டு மடிப்பு எடுங்க. கம்பி இரும்பா ஃபைபரா என்று பாருங்க. இரும்புக் கம்பி வளைஞ்சா வளைஞ்சதுதான், மூட்டில் துருவும் பிடிக்கும். ஃபைபர் வளைஞ்சு திரும்பி வரும். கடையிலேயே பத்துத் தடவை விரிச்சு மடக்குங்க. பூட்டு இரண்டு தடவை நழுவினா வச்சிட்டு வாங்க. அப்புறம் கம்பி நுனியில் துணி தைச்ச இடம். ஒரே ஒரு நூல் முடிச்சில் நின்னா இரண்டாவது மழையில் அவிழும். வீட்டுக்குக் கொண்டுவந்து அந்த நுனிகளில் நைலோன் நூலால் நாலு சுத்து சுத்தி முடிச்சுப் போட்டுக் கொடுங்க. அரை மணித்தியால வேலை, குடை கூட நாள் உழைக்கும்.

சால்வை என்றால் நுவரெலியா டவுனில் குளிராடைக் கடைகளில் நிறைய இருக்கு. "கம்பளி" என்று சொல்லித்தான் எல்லாத்தையும் விற்பாங்க. ஓரத்து நூலில் ஒரு இழை பிடுங்கி நெருப்பில் காட்டுங்க. உண்மையான கம்பளி மயிர் கருகின வாசம் வரும், சாம்பலை விரலால் நசுக்கினா தூளாகும். அக்ரிலிக் உருகி, ஆறினதும் கறுப்புக் குண்டுமணி மாதிரி கட்டியா நிற்கும். அக்ரிலிக் கெட்டது என்று சொல்ல வரல்ல, துவைக்க லேசு, ஈரத்தில் சீக்கிரம் காயும். கம்பளி விலைக்கு அக்ரிலிக் வாங்காதீங்க, அவ்வளவுதான். சுவெட்டர் எடுக்காதீங்க, அளவு தெரியாது.

ஆறுமணி_பஸ்

பிளாஸ்க்தான் என் ஓட்டு. காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறுறவங்களுக்கு இடைவேளை வரைக்கும் சூடா ஒரு தேத்தண்ணி இருக்கிறதே பெரிய விசயம். 500 மில்லிலீற்றர் போதும், ஒரு லீற்றர் வாங்கினா கைப்பை கல்லு மாதிரி கனக்கும். கண்ணாடிக் குடுவை உள்ளது வேண்டாம், நம்ம ரோட்டுக் குலுக்கலுக்குத் தாங்காது. இரட்டைச் சுவர் ஸ்டீல் எடுங்க.

சோதனை ஒன்றுதான்: கொதி தண்ணியை நிரப்பி மூடி, ஐந்து நிமிசம் கழிச்சு வெளிப்பக்கத்தை நடுவிலும் அடியிலும் தொட்டுப் பாருங்க. சூடு தெரிஞ்சா இரண்டு சுவருக்கும் நடுவில் வெற்றிடமா இருக்க வேண்டிய இடத்தில் காற்றுப் புகுந்திருக்கு, அது இனி வெறும் தகரப் போத்தல். கடையில் சுடுதண்ணி இல்லாட்டி, மாத்தித் தருவீங்களா என்று கேட்டு பற்றுச்சீட்டில் எழுதி வாங்கிட்டு வீட்டில் சோதிங்க. மூடியின் றப்பர் வளையம் கழருதா என்றும் பாருங்க. கழராத வளையத்துக்குள் பால் தேத்தண்ணி புளிச்சு, ஒரு மாசத்தில் நாத்தம் தாங்காது.

பண்டாரவளை_பிளேன்டி

தேயிலையை யாரும் பேசல்லையே.

பிரட்டுக்களம்

மலையகத்தில் டீச்சருக்குத் தேயிலையா? கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். அவங்க வீட்டுச் சாக்கில் இருக்கிறதையே அவங்களுக்குக் கொடுக்கப் போறீங்களா?

பண்டாரவளை_பிளேன்டி

அண்ணா, சாக்கில் இருக்கிறது டஸ்ட், அதாவது பொடித் தூள். நம்ம ஆட்கள் பறிக்கிறது ஒன்று, குடிக்கிறது இன்னொன்று. அதனால்தான் சொல்றேன்.

கணக்கைப் பாருங்க. ஊவாப் பக்கம், பண்டாரவளை, ஹப்புத்தளை, வெலிமடை, இங்கெல்லாம் நல்ல பருவம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. தென்மேல் மழை மேற்குச் சரிவில் கொட்டி முடிச்சிட்டு, இந்தப் பக்கம் காய்ந்த காற்றாத்தான் இறங்கும். கொழுந்து மெதுவா வளரும், அதில்தான் அந்தப் புதினா மாதிரிக் குளிர்ந்த வாசம் ஏறும். ஆசிரியர் தினம் ஒக்டோபர் 6. அந்தப் பருவத் தேயிலை புத்தம் புதுசா கைக்கு வர்ற நேரம். உங்க பக்கம், டிம்புலவும் நுவரெலியாவும், ஜனவரியில் இருந்து மார்ச் வரைதான் நல்ல பருவம், அது ஒக்டோபருக்குப் பழசு. அதனால் ஹட்டன் டீச்சருக்கு ஊவாத் தேயிலை கொடுக்கிறது ஊசி விற்கிறதில்லை அண்ணா, பக்கத்து ஊர்ப் பலகாரம் கொடுக்கிற மாதிரி.

வாங்கும்போது பி.ஓ.பி (புரோக்கன் ஒரேஞ்ச் பீக்கோ என்ற தேயிலைத் தரம்) என்று கேளுங்க. டஸ்ட்டை விட இலை பெரிசு, வாசம் நிற்கும். பி.ஓ.பி.எஃப் அதைவிடச் சின்னது, பால் போட்டுக் குடிக்கிறவங்களுக்கு அதுதான் சரி. டீச்சர் பால் தேத்தண்ணியா பிளேன்டியா என்று பிள்ளைகளைக் கேட்டாலே சொல்லிடுவாங்க. 100 கிராம் பக்கட்டில் கோப்பைக்கு இரண்டேகால் கிராம் வீதம் 44 கோப்பை வரும். அதனால் 200 கிராமுக்கு மேல் வேண்டாம், திறந்து வச்சா வாசம் போயிடும். தொழிற்சாலையின் சொந்தக் கடையில் வாங்கினா பொதி செய்த திகதி தெளிவா இருக்கும். வெளிக்கடையில் வாங்கினா தேயிலைச் சபையின் சிங்கச் சின்னம் இருக்கா பாருங்க.

பெயரில்லாத மலிவுத் தூளைத் தொடாதீங்க. கழிவுத் தூளில் சாயம் ஏத்தி விற்கிறாங்க. ஈரமாக்கின வெள்ளைக் கடுதாசியில் ஒரு சிட்டிகை தூவுங்க. நல்ல தேயிலை மெதுவாத்தான் கறை விடும், சாயம் போட்டது விழுந்த உடனேயே சிவப்பா பரவும்.

கடைசியா ஒன்று, எல்லாரும் கோட்டை விடுற இடம்: தேயிலை பக்கத்தில் இருக்கிற வாசத்தை உறிஞ்சும். சவர்க்காரம், ஊதுபத்தி, கறுவா, வாசனை மெழுகுதிரி இதோட ஒரே கூடையில் வச்சு செலபன் சுத்தினீங்க என்றால், டீச்சர் ஒரு வாரத்துக்குச் சவர்க்காரத் தேத்தண்ணி குடிக்கணும்.

பிரட்டுக்களம்

சரி, பலகாரம் என்றதால் விட்டுக்கொடுக்கிறேன். அப்ப கேக்கை ஏன் யாரும் சொல்லல்ல?

ஊசிநூல்

அன்றைக்கு ஆசிரியர் அறையில் வகுப்புக்கு ஒரு கேக் வீதம் வந்து நிற்கும். பாதி ஈ மொய்க்கும். அதோட புரட்டாசி, முட்டை தொடாதவங்க இருப்பாங்க. முஸ்லிம் ஆசிரியராக இருந்தா ஜெலற்றின் போட்ட இனிப்புகளைக் கவனிக்கணும். தின்பண்டம்தான் என்று பிடிவாதம் பிடிச்சா முட்டையில்லாத எள்ளுருண்டை, காற்றுப் புகாத டப்பாவில். நம்ம ஈரக் காற்றில் முறுக்கு ஒரு இரவிலேயே நமத்துப் போகும்.

வெண்கட்டி

ஒன்றைக் கேளுங்க. குடையோ தேயிலையோ இரண்டாம் பட்சம். ஒரு ஆசிரியர் இருபது வருசம் வச்சிருக்கிறது பிள்ளைகள் எழுதின கடிதத்தைத்தான். அதுக்கு முதலிடம் கொடுத்து, நேரமும் கொடுங்க. காசும் அதுக்குத்தான் குறைவு.

34 பிள்ளைகள், ஆளுக்கு ஏ4 தாளில் பாதி. 80 கிராம் (ஜி.எஸ்.எம்) தாள் மெல்லிசு, பின்பக்கம் தெரியும், கலர் போட்டா சுருங்கும். 120 கிராம் தாள் 17 வாங்கி நடுவில் வெட்டினா 34 வரும், பிழை போக 20 வாங்குங்க. தரம் 3 பிள்ளைகள் பென்சிலில் எழுதுறவங்க, பென்சிலிலேயே எழுதட்டும். பேனைதான் என்றால் போல்பொயின்ற். ஜெல் பேனையும் பெல்ற் பேனையும் நம்ம ஈரத்தில் கசியும், கை பட்டா இழுவும்.

இனித்தான் முக்கியம். "டீச்சருக்கு நன்றி எழுது" என்று விட்டீங்க என்றால் 34 பேரும் "எங்கள் டீச்சர் நல்லவர், அன்பானவர், அழகானவர்" என்று எழுதுவாங்க, அல்லது ஒருத்தன் எழுதினதை 33 பேர் பார்த்து எழுதுவாங்க. பொதுவாக் கேட்டா பொதுவாத்தான் வரும். மூணு கேள்வி கேளுங்க, அதில் ஒன்றுக்குப் பதில் எழுதினா போதும்:

டீச்சர் சொல்லித் தந்து இப்ப உனக்குத் தனியாச் செய்யத் தெரிஞ்ச ஒன்று என்ன? டீச்சர் அடிக்கடி சொல்ற ஒரு வார்த்தை என்ன? எந்த நாள் வகுப்பில் எல்லாரும் சிரிச்சீங்க?

அப்படிக் கேட்டா இப்படி வரும்: "பத்தைக் கடன் வாங்கிற கணக்கு எனக்கு வரல்ல. டீச்சர் ஈர்க்குக் கட்டை அவிழ்த்து பத்துக் குச்சியை எண்ணிக் காட்டினீங்க. இப்ப வருது." இதில் அன்பு, அழகு ஒன்றும் இல்லை. ஆனா இதை வாசிக்கிற டீச்சருக்கு அந்த ஈர்க்குக் கட்டும் அந்தப் பிள்ளையின் முகமும் ஞாபகம் வரும்.

எழுத்துப்பிழையைத் திருத்தாதீங்க. பெரியவங்க கையெழுத்து உள்ளே வரக்கூடாது. எழுதத் தடுமாறுற பிள்ளை படம் வரையட்டும், கீழே அதுவே சொன்னதை அண்ணனோ அக்காவோ ஒரு வரி எழுதலாம். அன்றைக்கு வராத பிள்ளைக்குத் தாளை வீட்டுக்கு அனுப்புங்க. 33 கடிதத்தோட கொடுத்தா, டீச்சர் முதலில் தேடுறது அந்த ஒன்றைத்தான்.

ஆறுமணி_பஸ்

சேர், வெற்றிலை கொடுக்கிற வழக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. பல பாடசாலையில் பிள்ளைகள் வெற்றிலை கொடுத்துக் கும்பிடுறாங்க. முதல் நாள் வாங்கினா குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீங்க, வெற்றிலைக்குக் குளிர் ஆகாது, கறுப்புப் புள்ளி விழும். ஈரத் துணியில் சுத்தி, வாழை இலையில் பொதிஞ்சு வைங்க. பிள்ளைக்கு ஒரே ஒரு இலை போதும்.

லிந்துலை_அம்மா

எல்லாருக்கும் நன்றி. குழுவில் இப்படிப் போட்டிருக்கேன்: உச்சம் 100 ரூபா, உண்டியல், 15 ஆந் திகதிக்குள். கடிதப் புத்தகம் ஒன்று, இரண்டு மடிப்புக் குடை ஒன்று, காசு மிஞ்சினா ஊவாத் தேயிலை 100 கிராம். அதிபர் சரி என்றுட்டார். பிரட்டுக்களம் அண்ணா, உங்க கட்சிக்காரங்க இரண்டு பேர் இன்னும் சேலை, சேலை என்றுதான் நிற்கிறாங்க. கடிதத்தை எப்படிக் கட்டுறது? ஸ்பைரல் போடவா?

ஊசிநூல்

ஸ்பைரல் போட டவுனுக்குப் போகணும், கம்பி முனை சேலையில் கொழுவும். பிரிஸ்டல் போட்டில் முன் அட்டை, பின் அட்டை. இடது ஓரத்தில் இரண்டு துளை, ஒரு அங்குல அகல ரிபன், முடிச்சு முன்பக்கம். இறுக்கிக் கட்டாதீங்க, பக்கம் திருப்பும்போது கிழியும். ஒரு விரல் நுழையுற அளவுக்குத் தளர்வு இருக்கட்டும். படம் ஒட்டினா தண்ணிப் பசை வேண்டாம், தாள் நெளியும், குச்சிப் பசை பாவிங்க. கட்டி முடிச்சதும் இரண்டு நாள் கனமான புத்தகங்களுக்கு அடியில் வைங்க, பிறகு பொலித்தீன் உறை. உறைக்குள் வறுத்து ஆறவச்ச அரிசி ஒரு கரண்டி, துணியில் முடிஞ்சு போட்டா ஈரம் ஏறாது. கொடுக்கிற அன்றைக்கு அந்த முடிச்சை வெளியில் எடுக்க மறந்துடாதீங்க.

வெண்கட்டி

துளையைத் தாள் வெறுமையா இருக்கும்போதே போட்டுட்டு, இடது பக்கம் ஒன்றேகால் அங்குலத்தில் பென்சில் கோடு இழுத்து, அதுக்குப் பிறகு பிள்ளைகளிடம் கொடுங்க. எழுதி முடிச்சதும் துளை போட்டா ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்து போயிடும். தரம் 3 பிள்ளைகள் ஓரம் விட மாட்டாங்க.

லிந்துலை_அம்மா

நாளைக்கே தாள் வெட்டுறேன் சேர்.